சுவிட்ச் போடக் கடல் தாண்டணுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. "எங்க வீடும் ஸ்மார்ட் ஹோம்தான்" என்று ஸ்டேட்டஸ் போட்ட நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். தாராளமாக. ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள். :-)

விஷயம் இதுதான். லைட், ஃபேன், கீசர், மோட்டார் எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்யணும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? ஆஃபரில் கிடைத்தது என்று ஒரு கம்பெனி பல்பு வாங்குகிறார்கள். அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி பிளக். தீபாவளி சேலில் மூன்றாவது கம்பெனி கேமரா. மொபைலில் மூன்று ஆப், மூன்று பாஸ்வேர்ட். எல்லாம் வாங்கி முடித்த பிறகு, "மச்சி, இதையெல்லாம் ஒரே இடத்துல கண்ட்ரோல் பண்ண என்ன வழி?" என்று கேட்கிறார்கள். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதை!

என் கட்சி இது: முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பொருளை அல்ல, எல்லாவற்றையும் ஆள்கிற கண்ட்ரோல் சிஸ்டத்தை. அந்தச் சிஸ்டம் உங்கள் வீட்டுக்குள்ளேயே, உங்கள் பெட்டியிலேயே ஓட வேண்டும். கம்பெனி கொடுக்கிற ஆப் கண்ட்ரோல் சிஸ்டமே இல்லை. அது வாடகைச் சாவி. வீட்டுக்காரர் நீங்கள்தான், ஆனால் பூட்டை மாற்றும் உரிமை வேறு எவனோ ஒருவன் கையில்.

கட்டளை போகிற பாதை

சோபாவில் உட்கார்ந்து ஆப்பில் "லைட் ஆஃப்" அழுத்துகிறீர்கள். பல்பு தலைக்கு மேலே ஆறடி தூரத்தில் இருக்கிறது. கட்டளை நேராக அங்கே போகுமா? கிளவுடை மட்டுமே நம்பி வேலை செய்கிற பொருளாக இருந்தால் போகாது. மொபைலிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து நெட் கம்பெனி, அங்கிருந்து பல்பு கம்பெனியின் சர்வர். அது எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சர்வர் உங்கள் அக்கவுண்டைச் சரிபார்த்து, கட்டளையைத் திருப்பி அனுப்ப, மறுபடி நெட் கம்பெனி, மறுபடி ரவுட்டர், கடைசியில் பல்பு. ஆறடி தூரத்துக்கு இத்தனை சுற்று. மாம்பழத்துக்காக மயிலேறி உலகத்தைச் சுற்றிய கதைதான். பிள்ளையார் மாதிரி வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றி வேலையை முடிக்க வழி இருக்கும்போது இது எதற்கு?

இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் கதை முடிந்தது. ரோட்டில் பள்ளம் தோண்டுகிறவர்கள் ஃபைபர் கேபிளை வெட்டினால் லைட் கேட்காது. 2016 வர்தா புயலையும் 2023 மிக்ஜாம் புயலையும் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாட்களில் இன்வெர்ட்டர் இருந்த வீட்டில் கரண்ட் இருக்கும், நெட் இருக்காது. கரண்ட் இருந்தும் லைட் சொன்ன பேச்சைக் கேட்காத வீட்டை ஸ்மார்ட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அதெல்லாம் புயல் வந்தாத்தானே" என்பீர்கள். 2021 டிசம்பர் 7 அன்று புயல் எதுவும் இல்லை. அமேசானின் வர்ஜீனியா டேட்டா சென்டர்களில் கோளாறு. அலெக்ஸா பேசவில்லை, ரிங் கேமரா தெரியவில்லை, ரோபோ வேக்குவம் கிளீனர்கள் ஆப்பின் பேச்சைக் கேட்கவில்லை. 2025 அக்டோபர் 20 அன்று அதே வர்ஜீனியா வட்டாரத்தில் மறுபடி கோளாறு. இந்த முறை எய்ட் ஸ்லீப் என்ற கம்பெனியின் ஸ்மார்ட் மெத்தை வாங்கியவர்கள், சூட்டைக் குறைக்க முடியவில்லை, சாய்த்த கட்டிலை இறக்க முடியவில்லை என்று புலம்பினார்கள். படுத்துத் தூங்க வர்ஜீனியாவின் தயவு வேண்டியிருக்கிறது!

இழுத்து மூடிய கடைகள்

நெட் போனால் சில மணி நேரத்தில் திரும்பி வரும். கம்பெனி போனால்? இது கற்பனை பயம் இல்லை. பட்டியல் போடுகிறேன், பாருங்கள்.

1. ரெவால்வ். சுமார் 300 டாலர் விலையுள்ள ஹப். 2014-ல் நெஸ்ட் இந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே 15 அன்று சேவையை நிறுத்தியது. ஆப் திறக்காது, ஹப் வேலை செய்யாது. பெட்டி பழுதானதால் இல்லை. எங்கோ ஒரு சர்வரை அணைத்ததால்.

2. லோஸ் கடைக்காரர்களின் ஐரிஸ். 2019 மார்ச் 31-ல் மூடினார்கள். இவர்கள் கொஞ்சம் நாகரிகமானவர்கள். வாங்கியவர்களுக்குப் பணம் ஈடு கொடுத்தார்கள், மென்பொருளையும் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். எல்லாரிடமும் இதை எதிர்பார்க்க முடியாது.

3. விங்க். மாதக் கட்டணமே கிடையாது என்று சொல்லி விற்ற ஹப். 2020 மே மாதம், ஒரே வாரம் அவகாசம் கொடுத்து, இனி மாதம் 4.99 டாலர் கட்டு என்றார்கள். சத்தம் கிளம்பியதும் தள்ளிப்போட்டு, அதே வருடம் அமல்படுத்தியும் விட்டார்கள். சொந்த வீட்டுக்கு வாடகை.

4. இன்ஸ்டியான். 2022 ஏப்ரலில் அறிவிப்பே இல்லாமல் சர்வர்கள் இருண்டன. பிறகு பயனர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி உயிர் கொடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஹப்பை வீட்டுக்குள்ளேயே ஹோம் அசிஸ்டண்டோடு இணைத்து வைத்திருந்தவர்களுக்கு சர்வர் செத்த அன்றும் விளக்கு எரிந்தது. அதே பொருள்தான், அதே கம்பெனிதான். கண்ட்ரோல் எங்கே இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

5. சேம்பர்லைன். கராஜ் கதவு திறக்கும் கருவி செய்கிறவர்கள். கம்பெனி மூடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. 2023-ல் வெளி மென்பொருள்கள் தங்கள் சர்வரோடு பேசுவதைத் தடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், மற்றவர்கள் எழுதி வைத்திருந்த ஆட்டோமேஷன் எல்லாம் அம்பேல்.

6. கூகுள். முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்களை 2025 அக்டோபர் 25-ம் தேதியோடு ஆப்பிலிருந்து கழற்றிவிட்டது. சுவரில் இருக்கிற டயலைத் திருகலாம், போனிலிருந்து முடியாது. பணம் இல்லாத கம்பெனி என்று யாரும் சொல்ல முடியாது, இல்லையா?

7. பெல்கின். வெமோ பிளக்குகளைக் கொடுத்த பெரிய பெயர். பெரும்பாலான வெமோ பொருட்களுக்கு 2026 ஜனவரி 31-ம் தேதியோடு சேவையை நிறுத்துவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. ஆப்பிளின் ஹோம்கிட்டில் முன்கூட்டியே இணைத்து வைத்த மாடல்கள் தப்பித்துக்கொள்ளும் என்றது. ஏன் தப்பிக்கும்? ஹோம்கிட் வீட்டுக்குள்ளேயே பேசுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

சின்ன கம்பெனி, பெரிய கம்பெனி, திவாலானது, கொழுத்தது என்று எல்லா வகையும் இதில் இருக்கிறது. அதனால் "நல்ல பிராண்டா பாத்து வாங்கு" என்ற அறிவுரை செல்லாது. ஒரு சீலிங் ஃபேனை இருபது வருடம் ஓட்டுகிற ஊர் நம்முடையது. தாத்தா மாட்டிய பேக்கலைட் சுவிட்ச் இன்றும் 'டக்' என்று வேலை செய்கிற வீடுகள் இருக்கின்றன. அந்தச் சுவரில் ஐந்து வருடம் தாங்குமா என்று தெரியாத ஒன்றைப் பதிக்கச் சொல்கிறார்கள்.

நம்ம ப்ராஜெக்ட் லட்சணம்

வெளியாரைத் திட்டியது போதும், நம் வகுப்புக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்டில் "ஐஓடி வழி ஸ்மார்ட் ஹோம்" என்று நாலு டீமாவது இருக்கும். ஒரு நோட்எம்சியூ போர்டு, நீல நிற ரிலே நாலு, ஒரு தெர்மகோல் வீடு, பிளிங்க் ஆப். இன்னும் கொஞ்சம் 'கெத்து' வேண்டுமென்றால் கூகுள் அசிஸ்டண்டிலிருந்து இஃப்ட் வழியாகச் சுற்றிவிடுவார்கள். எக்ஸ்டர்னல் வந்து, குரல் கொடுத்து, பல்பு எரிந்தால் மார்க்.

அந்த இஃப்ட் 2020 செப்டம்பரில் இலவசப் பயனர்களுக்கு மூன்றே ஆப்லெட் என்று சுருக்கியது. பிளிங்கின் பழைய பதிப்பு 2022-ல் நிறுத்தப்பட்டது. சீனியர்களின் ரிப்போர்ட்டைத் தூசு தட்டி எடுத்து அப்படியே காப்பியடித்தால் ஓடாததற்கு இதுதான் காரணம். கோடு தப்பில்லை, அது பேச வேண்டிய ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

இத்தனைக்கும் மாற்று வழி ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எம்க்யூடிடி என்று ஒரு நெறிமுறை இருக்கிறது. 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் சேட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. தபால் ஆபீஸ் மாதிரி நடுவில் ஒரு புரோக்கர். சென்சார் அதில் செய்தி போடும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். மஸ்கிட்டோ என்ற இலவசப் புரோக்கரைப் பழைய லேப்டாப்பில் போட்டால் முடிந்தது. அதே நோட்எம்சியூவில் டாஸ்மோட்டா அல்லது இஎஸ்பிஹோம் ஏற்றினால் வெளி சர்வரே தேவையில்லை. (டாஸ்மோட்டா என்ற பெயருக்கு விரிவு தெரியுமா? தியோ அரெண்ட்ஸ், சோனாஃப், எம்க்யூடிடி, ஓவர் தி ஏர். ஒரு தனி மனிதர், தான் வாங்கிய சுவிட்ச் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தது.)

எஞ்சினியரிங் படிக்கிற நாமே ஆப்பைத் தட்டி "கண்ட்ரோல் சிஸ்டம்" என்று ரிப்போர்ட்டில் எழுதினால், கடையில் வாங்குகிறவரை என்ன சொல்வது?

சுவருக்கும் காது உண்டு

இன்னொரு பக்கம். வீட்டில் எத்தனை மணிக்கு லைட் அணைகிறது, எந்த வாரம் வீடு பூட்டியிருக்கிறது, பாத்ரூம் கீசர் எப்போது ஓடுகிறது... இவ்வளவும் ஒரு சர்வரில் பதிவாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இப்படி நோட்டுப் போட்டு எழுதினால் சும்மா விடுவோமா?

2023-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் ரிங் கம்பெனி மேல் புகார் கொடுத்தது. ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் அந்தரங்க வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்பது குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. அதே சமயத்தில், குழந்தைகளின் குரல் பதிவுகளை வைத்துக்கொண்ட விவகாரத்தில் அலெக்ஸாவுக்கு 2.5 கோடி டாலர். சில எக்கோ கருவிகளில் குரலைக் கிளவுடுக்கு அனுப்பாமல் கருவியிலேயே கையாளும் வசதி ஒன்று இருந்தது. அதையும் 2025 மார்ச் 28-ல் எடுத்துவிட்டார்கள். அதாவது நீங்கள் வாங்கியபோது இருந்த உரிமை, வாங்கிய பிறகு போனது. விதிகளை எழுதுகிறவர் அவர் என்றால், மாற்றுகிறவரும் அவர்தானே.

சரி, எதைத்தான் எடுப்பது?

திட்டிவிட்டு ஓடினால் நியாயமில்லை. இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பொருட்கள் எந்த மொழியில் பேசும். இரண்டு, எஜமான் யார்.

மொழியில் இருந்து ஆரம்பிப்போம்.

எக்ஸ்10. 1975-ல் ஸ்காட்லாந்தின் பிகோ எலெக்ட்ரானிக்ஸ் செய்தது. வீட்டு கரண்ட் கம்பியிலேயே சிக்னல் போகும். தாத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்வோம்.

கேஎன்எக்ஸ். தனிக் கம்பி இழுக்க வேண்டும். நடுவில் எஜமான் பெட்டியே கிடையாது, ஒவ்வொரு சுவிட்சுக்கும் சொந்த மூளை. 1990-களில் போட்டது இன்றும் புதுப் பொருளோடு பேசும். தொழில்நுட்பத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. விலைதான் நட்சத்திர ஹோட்டலுக்கும் பங்களாவுக்கும் ஆனது. கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைக்க அம்மா விடமாட்டார்.

இசட்-வேவ். நல்ல சரக்கு. ஆனால் ஊருக்கு ஊர் அலைவரிசை வேறு. அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவுக்கு 865. அமெரிக்க மாமா ஆசையாக வாங்கி வந்த சென்சார் இங்கே வாங்கிய ஹப்போடு பேசாது. இங்கே கிடைக்கும் பொருட்களும் குறைவு.

வைஃபை. மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும். நெட் கம்பெனி ஓசியில் கொடுத்த ரவுட்டரில் முப்பது பல்பை ஏற்றினால் அது மூச்சு வாங்கும். பாஸ்வேர்ட் மாற்றினால் முப்பதையும் மறுபடி இணைக்க வேண்டும். வாங்குவதென்றால் உள்ளூரிலேயே கட்டுப்படுத்த வழியுள்ளதை மட்டும் வாங்குங்கள்.

ஜிக்பீ. இப்போதைக்கு என் ஓட்டு இதற்குத்தான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ், உலகமெங்கும் ஒரே அலைவரிசை. கதவு சென்சார் ஒரு சின்ன பட்டன் செல்லில் மாதக்கணக்கில் ஓடும். நேரடிக் கரண்டில் இருக்கிற பொருட்கள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றிவிடும். இணைய முகவரியே இல்லாததால் தன் இஷ்டத்துக்கு வெளியே போய்ப் பேச முடியாது. யுஎஸ்பி டாங்கிளை மட்டும் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி 3 சாக்கெட்டில் நேரடியாகச் செருகாதீர்கள். அந்த சாக்கெட்டே 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் "சென்சார் அடிக்கடி காணாமப் போகுது" என்ற தொல்லை பெருமளவு தீரும்.

மேட்டர். 2019-ல் ஆப்பிள், கூகுள், அமேசான் எல்லாரும் ஒரே மேடையில் கைகோத்து அறிவித்தது, 2022 அக்டோபரில் 1.0 வெளியானது. வீட்டுக்குள்ளேயே பேச வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள், பல எஜமான்கள் ஒரே பொருளை ஆளலாம். இதற்குக் கைதட்டுகிறேன். ஆனால் டப்பாவில் லோகோ பார்த்ததும் மயங்காதீர்கள். ஆன், ஆஃப், வெளிச்சம், நிறம் மேட்டரில் வரும். கம்பெனி விளம்பரத்தில் காட்டிய அலங்கார வசதிகள் பெரும்பாலும் அவர்கள் ஆப்பிலேயே தங்கிவிடும். ஃபேன், ஏசி எல்லாம் 2023-ன் 1.2 பதிப்பில்தான் வந்தன, கேமராவுக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது எஜமான். இங்கே என் பதில் நேரடியானது: ஹோம் அசிஸ்டண்ட். 2013-ல் பாலஸ் ஷௌட்சன் பைத்தானில் எழுதத் தொடங்கியது. திறந்த மூலம். 2024-லிருந்து ஸ்விட்சர்லாந்தில் பதிவான ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கில்லாத அமைப்பின் கையில் இருக்கிறது. யாரும் விலைக்கு வாங்கி மூட முடியாதபடி. ராஸ்பெர்ரி பையிலோ பரணில் கிடக்கிற பழைய லேப்டாப்பிலோ ஓடும். (லேப்டாப்புக்கு ஒரு கூடுதல் வசதி: பேட்டரி கொஞ்சம் மிச்சமிருந்தால் அதுவே குட்டி யுபிஎஸ்.) ஜாவா பிடித்தவர்களுக்கு ஓப்பன்ஹேப் இருக்கிறது, 2010-லிருந்து. இரண்டில் எதை எடுத்தாலும் சண்டை போட மாட்டேன்.

எதிர்க்கட்சிக்கு நேரம்

"எல்லாராலயும் இதெல்லாம் பண்ண முடியுமா?" நியாயமான கேள்வி. முடியாது. அவர்களுக்கும் வழி இருக்கிறது. ஹ்யூ பிரிட்ஜ் மாதிரி நெட் இல்லாமலும் வீட்டுக்குள் வேலை செய்கிற ஹப்பையோ, ஆப்பிளின் ஹோமையோ எடுத்துக்கொள்ளட்டும். அதுவும் வேண்டாம் என்றால் நல்ல சுவிட்சும் ரிமோட் வைத்த ஃபேனும் போதும். ஸ்மார்ட் ஹோம் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை.

"ஹோம் அசிஸ்டண்டையும் ஒருநாள் நிறுத்திட்டா?" நிறுத்தட்டும். உங்கள் பெட்டியில் இருக்கிற நகல் அன்றைக்கும் ஓடும். மறுநாளும் ஓடும். புது வசதி வராது, இருப்பது போகாது. சர்வரை அணைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள்.

"மாசா மாசம் அப்டேட், போட்டா ஏதாவது உடையுது." உண்மைதான், மறுக்கவில்லை. மாதம் ஒரு பதிப்பு வருகிறது. வந்த அன்றே தாவிக் குதிக்காமல் பேக்கப் எடுத்துவிட்டு ஒரு வாரம் பொறுத்துப் போடுங்கள். மெமரி கார்டை நம்பாதீர்கள், ஓயாமல் எழுதி எழுதித் தேய்ந்துபோகும். எஸ்எஸ்டி போடுங்கள்.

"வெளியூர்ல இருந்து பாக்கணுமே?" ரவுட்டரில் போர்ட் திறந்து வைக்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற மால்வேர் ஆயிரக்கணக்கான கேமராக்களைப் பிடித்து, இணையத்தின் பெரிய பெயர்களையே முடக்கியது. அவற்றில் மாற்றப்படாத ஃபேக்டரி பாஸ்வேர்ட் இருந்தது, அதுதான் வாசல். ஒயர்கார்டு, டெய்ல்ஸ்கேல் போல ஏதாவது ஒரு விபிஎன் போதும். கிளவுடே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிளவுட் ஜன்னலாக இருக்கட்டும், அஸ்திவாரமாக இருக்க வேண்டாம்.

பாட்டி டெஸ்ட்

கடைசியாக, எனக்கு மிக முக்கியமான விஷயம். வீடு என்பது மொபைல் வைத்திருக்கிற ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. பாட்டிக்கும் சொந்தம், வேலைக்கு வருகிற அக்காவுக்கும் அங்கே வெளிச்சம் வேண்டும்.

உறவினர் வீடொன்றில் பார்த்தேன். எல்லா ரூமிலும் ஒரு கம்பெனியின் ஸ்மார்ட் பல்பு. சுவிட்சுகள் மேல் செல்லோ டேப் ஒட்டி "தொடாதே" என்று எழுதியிருந்தது. சுவிட்சை அணைத்தால் பல்புக்கு உயிர் போய்விடும், ஆப்பில் வராது என்பதால். அந்த வீட்டுப் பாட்டி ராத்திரி பாத்ரூம் போக டார்ச் லைட் வைத்துக்கொண்டு நடக்கிறார். இதற்குப் பெயர் முன்னேற்றமா? போதாக்குறைக்கு, இந்தப் பல்புகளில் பல, கரண்ட் போய் வந்தால் தானாக எரியும்படிதான் கம்பெனியிலிருந்தே வருகின்றன. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் வீடே கல்யாண மண்டபம்.

அதனால் பல்பை ஸ்மார்ட் ஆக்காதீர்கள், சுவிட்சை ஆக்குங்கள். இருக்கிற சுவிட்சுக்குப் பின்னால் போர்டுக்குள் வைக்கிற ரிலே மாட்யூல்கள் இருக்கின்றன. பாட்டி சுவிட்சைத் தட்டினாலும் வேலை செய்யும், நீங்கள் மொபைலில் தட்டினாலும் வேலை செய்யும். இதற்குப் பெரும்பாலும் போர்டில் நியூட்ரல் வேண்டும். பிளக் பாயிண்ட் இருக்கிற போர்டில் இருக்கும், வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் இல்லாமலும் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டில் யூடியூப் வீரம் வேண்டாம்.

மோட்டார், கீசர் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். நீல ரிலேயின் தலையில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது என்பதற்காக அதில் தினமும் மணிக்கணக்கில் ஓட்டக் கூடாது. ஒரு ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது இழுப்பது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. அந்த வேகத்தில் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால், ஆப்பில் "ஆஃப்" என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து தெருவெல்லாம் தண்ணீர், அல்லது சம்ப் காலியாகி மோட்டார் காலி. ரிலே ஒரு காண்டாக்டரை இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். டேங்க்கில் ஃப்ளோட் சுவிட்ச் தனியாக, கம்பியிலேயே, எந்த மென்பொருளையும் கேட்காமல் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஹோம் அசிஸ்டண்டே என்றாலும் சரி, உயிருக்கும் பொருளுக்கும் ஆபத்து வரக்கூடிய இடத்தில் கடைசிப் பேச்சு அதனுடையதாக இருக்கக் கூடாது. அதன் ரசிகனாக இருந்தும் இதைச் சொல்கிறேன்.

ஆக, எதையும் வாங்கும் முன் மூன்று கேள்வி:

நெட் கேபிளைப் பிடுங்கினால் வேலை செய்யுமா?

கம்பெனி நாளைக்கு மூடினால் வேலை செய்யுமா?

பாட்டியால் போட முடியுமா?

மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் எவ்வளவு ஆஃபர் போட்டாலும் வேண்டாம். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் அதையும் "இல்லை" என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று ராத்திரி ரவுட்டருக்குள் வருகிற நெட் கேபிளை மட்டும் பத்து நிமிடம் கழற்றிவிடுங்கள். ரவுட்டர் ஆனில் இருக்கட்டும். வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது எரிகிறதோ அது உங்களுடையது. எது எரியவில்லையோ, அதற்குப் பணம் கொடுத்தது மட்டும்தான் நீங்கள்.

சண்டை போட வருகிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு வரவும். வர்ட்டா...